தாய்மாமன் அன்பளிப்பாக வந்த சனி

சனி பகவான் பாளையங்கோட்டை ஏழு வேம்புத் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. பால்காரர் போயிருந்தார், சிலிண்டர் வண்டி இன்னும் வரவில்லை. வருவதுதான் வந்தார், சனிக்கிழமையாகப் பார்த்து வந்திருக்கக் கூடாதா என்று தெருவில் பின்னால் குறை சொன்னார்கள். அவர் சனிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட்டார் என்பதும், ஏழு வானத்தில் கடைசி வானம் அவருடையது என்பதால் வியாழன், செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று ஆறு வாசலையும் தாண்டவேண்டியிருந்தது என்பதும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு சட்டை கொடுக்க அதை வாங்கிப் போட்டுக்கொண்டே இறங்கவேண்டியிருந்தது என்பதும் குறை சொன்னவர்களுக்குத் தெரியாது. பூமிக்கு வரும் எந்த உயிரும் அப்படித்தான் வரவேண்டும் என்று, அவரை வரவழைத்த இத்தாலிப் புத்தகத்தில் போட்டிருந்தது. ஆகவே தன் சட்டையோடு சேர்த்து ஏழு சட்டையும், தலையில் கறுப்புத் துணியும், ஒரு கையில் அரிவாளும், மறு கையில் துள்ளுகிற மீனுமாக, சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு, ஆவுடையப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஆவுடையப்பனின் மனைவி உலகம்மை கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்து, "மீனோட உள்ள வரக்கூடாது, இது சைவ வீடு" என்றாள்.

சனி மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த யோசனைக்கே கால்மணி நேரம் ஆனது. பிறகு எதிர்வீட்டுப் பேராசிரியர் சவரிராயன் ஓடிவந்து மீனை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். சனி உள்ளே வந்து, வீட்டில் ஆவுடையப்பனைத் தவிர யாரும் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தார். அதை ஆவுடையப்பன் கவனித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் எதையும் கவனித்துக்கொள்கிற ஆள். பாத்திரக்கடை வாசலில் கரகரவென்று ஒரு சிறிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் பொறிப்பது அவர் தொழில். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போகவிடாமல் செய்த வாத்தியாரிலிருந்து, போன பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக்கு நெட்டையாகவும் இவருக்குக் குட்டையாகவும் கொடுத்த கடைக்காரர் வரைக்கும், தனக்கு அநியாயம் செய்தவர்களை எல்லாம் வருஷம், மாசம், கிழமையோடு நினைவில் வைத்திருந்தார். பாத்திரத்தில் பொறித்தது அழியாது என்பதுபோல இவர் மனசில் பொறித்ததும் அழியாது.

அவற்றிலெல்லாம் ஆழமாகப் பொறித்தது ஒன்று. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தங்கச்சி வடிவு தன் மகள் சண்முகப்பிரியாவுக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து வைத்தாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும், அது ஊரறிந்த முறை. ஆவுடையப்பன் புதுக்குடம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். வழியில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். பத்தே நிமிஷம். இவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது குழந்தை காதில் ரத்தத்தோடு அழுதுகொண்டிருந்தது, தென்காசியிலிருந்து வந்த யாரோ ஓர் ஒன்றுவிட்ட மாமன் மடியில். நல்ல நேரம் முடிகிறதென்று ஆசாரி அவசரப்படுத்தினார் என்று வடிவின் புருஷன் திருமலைக்கொழுந்து வந்து சொன்னார். ஆவுடையப்பன் குடத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தக் குடம் பெயர் பொறிக்கப்படாமல், தண்ணீர் நிரப்பப்படாமல், பரணில் கவிழ்ந்து கிடந்தது.

இவ்வளவையும் சொல்லவேண்டியதாயிற்று, சனி ஏன் வந்தார் என்பதற்கு இதுதான் காரணம்.

பேராசிரியர் சவரிராயன் இளவயசில் சாமியாருக்குப் படிக்கப் போய், ஆறு வருஷம் லத்தீன் படித்து, கல்யாண ஆசையில் திரும்பிவந்து கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் வைத்தியம், சோசியம், தத்துவம் மூன்றையும் ஒரே கையால் பார்த்த ஒரு பெரியவர் லத்தீனில் எழுதிய புத்தகத்தைப் பதினோரு வருஷம் உட்கார்ந்து தமிழில் பெயர்த்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, அது பால் பொங்குவதுபோல நிரம்பி வழிகிறது, வழிந்தது அறிவாகி, அறிவு வழிந்து உயிராகி, உயிர் வழிந்து வானமும் மீனும் மண்ணுமாகிறது. ஆகவே மேலே இருப்பதைக் கீழே இருப்பதைக் கொண்டு கூப்பிடலாம், உரிய உலோகத்தில் உரிய உருவத்தை உரிய நேரத்தில் பொறித்தால் கிரகம் இறங்கிவரும் என்பது புத்தகத்தின் சாரம். அந்த உரிய நேரத்தைக் கண்டுபிடிக்க இத்தாலிக்காரர் முப்பது பக்கத்துக்குக் கணக்குப் போட்டிருந்தார். சவரிராயன் அதை மூன்று மாசம் மொழிபெயர்த்து முடித்த அன்று, அதே சனி ஓரை தன் வீட்டு நாள்காட்டித் தாளின் அடியில் அச்சாகியிருப்பதைப் பார்த்தார். 

புத்தக வெளியீட்டு விழா மேடையில் வைப்பதற்கு ஏழு கிரகத்துக்கும் ஏழு தட்டு வேண்டும், படிப்பாளிகளுக்கெல்லாம் சனிதான் தலைவர், முதலில் அவரைப் பொறித்துத் தாருங்கள் என்று சவரிராயன் கேட்டார். ஈயத்தில் பொறிக்கவேண்டும் என்றார். ஈயம் ஊசி பட்டால் வழுக்கும், எவர்சில்வர்தான் நிற்கும் என்று ஆவுடையப்பன் கடையிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்துவந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு, சனி ஓரை. தலையில் துணி போட்ட கிழவர், அரிவாள், மீன், எல்லாம் ஒன்றே முக்காலுக்குள் முடிந்துவிட்டது. பேராசிரியர் சாப்பிடப் போயிருந்தார். பரணில் கிடக்கும் அந்தக் குடத்தைத் தவிர, பெயர் பொறிக்காத பாத்திரம் ஒன்றும் ஆவுடையப்பன் கையிலிருந்து வெளியே போனதில்லை. விளிம்பு வெறுமையாக இருந்தது. கை அதுபாட்டுக்குப் போய், நாற்பது வருஷமாக ஊரில் எத்தனையோ தாய்மாமன்களுக்கு எழுதிக்கொடுத்த வரியை, தனக்கென்று ஒரு தடவையும் எழுதாத வரியை, எழுதிவிட்டது.

"தாய்மாமன் ஆவுடையப்பன் அன்பளிப்பு."

எழுதிய பிறகுதான் படித்துப் பார்த்தார். எவர்சில்வரில் பொறித்ததை அழிக்க முடியாது. விளிம்பைப் பூவால் மறைத்துக்கொள்ளலாம் என்று சவரிராயன் சொல்லிவிட்டார். விழாவில் அந்த ஒரு தட்டு மட்டும் பூவோடு மேடையேறிவிட்டு ஆவுடையப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தது.

சனி வந்து இறங்கிய செய்தி அரைமணி நேரத்தில் தெரு முழுக்கப் பரவியது. அன்றைக்கு வேகமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான். அதற்குப் பிறகு எல்லாம் மெதுவானது. அடுப்பில் வைத்த பால் பதினொரு மணிக்கு வைத்தால் மூன்று மணிக்குப் பொங்கியது, அதுவும் யோசித்து யோசித்து. தோசைமாவு புளிக்க மூன்று நாள் ஆனது. தெருமுனைக்கு வந்த பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்ப மறந்து நின்றது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், ஒருத்தி திட்டி முடிப்பதற்குள் மற்றவளுக்குக் கோபம் ஆறிப்போய், சண்டையைப் பாதியில் விட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது, அங்கே மட்டும் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எள் விளக்கோடு வரிசையில் வந்து நின்றார்கள். வாசல் முழுக்க நல்லெண்ணெய் வழிந்து, சிலிண்டர்காரர் வழுக்கி விழுந்தார். தெருவில் இருந்த காக்காய்கள் போதாதென்று தாமிரபரணிக்கரைக் காக்காய்களும் வந்து கூரையில் உட்கார்ந்தன. சனிக்குக் காக்காய் எதற்கென்று புரியவில்லை. இத்தாலிப் புத்தகத்தில் அவருக்கு வாகனமாகப் போட்டிருந்தது இறக்கை முளைத்த ஒரு பெரும் பாம்பு. அது நல்லவேளையாக வரவில்லை.

தனக்கு ஏழரை எப்போது முடியும், மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் யாருக்கும் விளங்கவில்லை. சவரிராயனின் மொழிபெயர்ப்பு வழியாக வந்தவர் என்பதால் அவருக்குத் தெரிந்தது சவரிராயனின் தமிழ் மட்டும்தான். "ஆன்மாவானது தன் மூலத்தை நோக்கித் திரும்புதலே விடுதலை எனப்படும்" என்பார். கேட்டவர் விழித்தால், கொஞ்சநேரம் கழித்து, "அடிக்குறிப்பு: இவ்விடத்தில் மூலப்பிரதி சிதைந்துள்ளது" என்பார். காய்கறிக்காரி ஒருத்தி மட்டும் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் போனாள். ஏனென்று அவளும் சொல்லவில்லை.

பிறகு, எல்லா இடத்திலும் நடப்பதுபோல, ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார்கள், அங்கே ஒரு மணி நேரத்தில் மூன்று மணி நேரப் படிப்பு நடந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற தாய்மார்கள் மகளைக் கூட்டிவந்து சும்மா பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நாள் நீளட்டும் என்று. ஊறுகாய் போடுகிறவர்கள் பக்கத்து ஊரிலிருந்துகூட ஜாடியைக் கொண்டுவந்து அவர் நிழலில் வைத்தார்கள், கெட்டுப்போகாதென்று. சுக்கிரனையும் குருவையும் பொறித்துத் தரச்சொல்லி ஆவுடையப்பனிடம் ஆள் வந்தபடி இருந்தது. அவர் மாட்டேன் என்றுவிட்டார். சனி உட்கார்ந்திருக்கும் நாற்காலி போக வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முக்காலிதான்.

சிவன்கோயில் குருக்கள் இது சரியில்லை, ஏற்கெனவே சன்னதியில் ஒருவர் இருக்கிறார், இரண்டு பேர் ஒரே ஊரில் இருந்தால் யாருக்கு அர்ச்சனை செய்வது, ஒருதடவை கூட்டிவந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆவுடையப்பன் கூட்டிப்போனார். அரைப் பர்லாங் தூரம், ஒன்றரை மணி நேரம். நவக்கிரக மேடையில் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பாராமல் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். வந்த சனி கல் சனியின் முன்னால் போய் நின்றார்.  கொஞ்சநேரத்தில் வந்தவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் நிலையத்தில் திருமலைக்கொழுந்தைக் கண்டால் ஆவுடையப்பன் திருப்பிக்கொள்வாரே, அதே மாதிரி.

"இவர்கள் ஏன் ஒருவரையொருவர் நோக்குவதில்லை?" என்று சனி கேட்டார். தன்னுடைய நூலில் கிரகங்கள் ஒன்றையொன்று நோக்குவதால்தான் உலகமே நடக்கிறது என்றார்.

"நோக்காம இருக்கதுதான் இங்க முறை" என்றார் ஆவுடையப்பன். கொஞ்சம் நடந்த பிறகு, "இவங்க வீட்டுலயும் ஏதாவது காதுகுத்து நடந்திருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படியென்றால் என்ன என்று சனி கேட்க, திரும்பிவரும் ஒன்றரை மணி நேரமும் ஆவுடையப்பன் சொன்னார். ரயில்வே கேட், பத்து நிமிஷம், தென்காசிக்காரன் மடி, குடம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கதையை இடையில் வெட்டாமல் முழுசாகக் கேட்டது அவர் ஒருவர்தான்.

சித்திரை முடிந்து வைகாசி வந்தது. ஒருநாள் கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், இவர் காப்பி குடிக்கப் போன நேரமாகப் பார்த்துத் திருமலைக்கொழுந்து கடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தாய்மாமன் என்ற இடத்தில் ஆவுடையப்பன் பெயர் இருந்தது, ஆனால் மடிக்கிற இடத்தில் அச்சாகியிருந்ததால் பெயருக்கு நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. அவர் இரண்டையும் கவனித்துக்கொண்டார். போகப் போவதில்லை என்று உலகம்மையிடம் சொன்னார்.

இருபத்திரண்டு வருஷம் முன்னாலும் வடிவு மேல் தப்பில்லை என்றாள் உலகம்மை. இவர் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம்தான் தெருக்காரர்கள் பொறுமையிழந்தார்கள். சுகப்பிரசவம் ஆகவேண்டிய ஒரு பெண்ணுக்கு வலி வந்து மூன்று நாளாகியும் வலி ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. தெருவைவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகு, வாசல் தாண்டுவதற்குள் பெற்றுவிட்டாள். தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஆனால் இனி இவரை வைத்துக்கொள்ள முடியாது, அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் கூடப் போங்கள் என்று பத்துப் பேர் வந்து ஆவுடையப்பனிடம் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு. வந்த பத்துப் பேரையும் அவர் மனசில் பொறித்துக்கொண்டார், ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

சனியிடம் கேட்டால், போகத் தனக்கும் விருப்பம்தான், முடியவில்லை என்றார். சவரிராயன் லத்தீன் மூலத்தை எடுத்து நான்கு நாள் புரட்டினார். ஐந்தாம் நாள் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கி, மேடைப் பூ காய்ந்து உதிர்ந்த விளிம்பை இப்போதுதான் நிதானமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணாச்சி, கிரகம் எதுக்காகப் பொறிச்சமோ அதுக்காகத்தான் இறங்கும். நான் இவரைப் புத்தக வெளியீட்டுக்குன்னு நினைச்சேன். நீங்க அன்பளிப்புன்னு எழுதிட்டீங்க."

"கை எழுதிட்டு சார்."

"யார் எழுதினா என்ன. அன்பளிப்பைக் கொடுக்காம வீட்டுல வச்சிருந்தா அது எப்படிப் போகும்? உங்களுக்கு மருமக ஒருத்திதான?"

 நாற்காலியிலிருந்து சனி சொன்னார், "நான் என்னை எவரேனும் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன். அடிக்குறிப்பு: அவரும் அவ்வாறே." ஆவுடையப்பனைக் காட்டித்தான் சொன்னார்.

சண்டை அதற்குப் பிறகுதான் நடந்தது, ஆவுடையப்பனுக்கும் ஆவுடையப்பனுக்கும். கல்யாண வீட்டுக்குச் சனியைக் கூட்டிப்போகிற தாய்மாமனை உலகத்தில் யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? மாப்பிள்ளை வீட்டார் தெரிந்தால் எழுந்துபோய்விடுவார்கள். கூட்டிப்போகாவிட்டால் தெரு துரத்தும். அதைவிடப் பெரிசு, போய் நிற்கும்போது இந்தத் தடவையும் முடிந்துபோயிருந்தால்? இன்னொரு தென்காசிக்காரன் மாலை எடுத்துக் கொடுத்திருந்தால்? ஒருதடவை திரும்பி வந்துவிடலாம். இரண்டாம் தடவை திரும்பிவர அறுபத்து மூன்று வயசில் காலில் தெம்பு கிடையாது. இதை அவர் உலகம்மையிடம் சொல்லவில்லை. சனியிடம் சொன்னார்.

சனி நெடுநேரம் யோசித்தார். "அந்தப் பத்து நிமிடம் என்னிடம் உள்ளது" என்றார். "தொலைந்த காலம் யாவும் என் வானத்தில்தான் வந்து சேரும். வேறெங்கும் அதற்கு இடமில்லை."

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. மண்டபம் நடந்தால் ஐந்து நிமிஷம். சனியோடு போகவேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்பினார்கள். உலகம்மை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், தேங்காய், பூ, சேலை எல்லாம் அடுக்கினாள். அடுக்கிய கனத்தில் சனியின் உருவம் மறைந்தது, விளிம்பு எழுத்து மட்டும் தெரிந்தது. ஆட்டோ கிளம்பவில்லை. நடந்தார்கள். வேப்பமரத்தடி வருவதற்குள் ஏழு மணி. தபால்பெட்டிக்கு ஏழரை. பின்னால் வந்த ஓர் எறும்பு வரிசை அவர்களைத் தாண்டிப்போனது. எட்டரைக்கு மண்டபத்தின் மேளச்சத்தம் கேட்டது, ஆனால் மண்டபம் பக்கத்தில் வரவில்லை. ஆவுடையப்பன் அடிக்கொருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓடிப்போய்விடுங்கள், நான் இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள் உலகம்மை. அவர் ஓட முயன்றார். ஓட்டமும் நடை மாதிரியேதான் இருந்தது.

மண்டபத்தின் பக்கவாசலுக்கு வந்தபோது இவர் கடிகாரத்தில் ஒன்பதாக ஒரு நிமிஷம். அது சமையல்கட்டு வாசல். கறுப்புத் துணியும் அரிவாளுமாக வந்தவரைப் பார்த்ததும் தலைமைச் சமையல்காரர், "இப்பதான் வாரீரா வே? எலை வெட்ட ஆளில்லாம முந்நூறு எலை கெடக்கு" என்று சனியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.  அரிவாள் கொண்டுவந்ததற்கு முதல்தடவையாக ஒரு வேலை.

ஆவுடையப்பன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது. முகூர்த்தம் முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தார்.

மண்டபச் சுவரில் மணி எட்டு ஐம்பது.

நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருந்தார். அட்சதையைக் கையில் பிடித்தபடி முந்நூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை கையில் தாலி, சண்முகப்பிரியா கழுத்துக்கு ஒரு சாண் முன்னால். அக்கினிப் புகைகூட மேலே போகாமல் நின்ற இடத்தில் நின்றது. நடுவழியில் இவர் ஒருவர்தான் நடந்தார், செருப்பைக் கழற்றியது அவருக்கே நினைவில்லை. வரிசை வரிசையாகத் தாண்டிப்போய், மேடையேறி, பெண்ணின் பக்கத்தில் தாய்மாமனுக்கென்று விட்டிருந்த இடத்தில் போய் நின்றார். அந்த இடம் காலியாக இருந்தது. தென்காசிக்காரன் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தான், தலை நரைத்துப்போய்.

"வாரும் மச்சான்" என்றார் திருமலைக்கொழுந்து, உதட்டை மட்டும் அசைத்து. "இப்பமும் லேட்டு."

"மணி என்னன்னு பாரும் மாப்ளே."

திருமலைக்கொழுந்து சுவரைப் பார்த்தார்.  ஆவுடையப்பன் குனிந்து தாம்பாளத்தைச் சண்முகப்பிரியாவின் மடியில் வைத்தார். அவள் விளிம்பை விரலால் தடவிப் படித்தாள். "மாமா" என்றாள்.

அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு தாவு தாவியது, கெட்டிமேளம் இடி மாதிரி விழுந்தது, தாலி ஏறியது, முந்நூறு கையிலிருந்தும் அட்சதை ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. ஆவுடையப்பன் தலையில்தான் அதிகம்.

பிறகு அவர் சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்தார். முந்நூறு இலையும் ஒரே அளவாக, ஒரு நூல் பிசகாமல் வெட்டி அடுக்கியிருந்தது. அதன் பக்கத்தில் ஆறு சட்டை மடித்து வைத்திருந்தது. கூட வந்தவர் எங்கே என்று கேட்டதற்கு, வேலைக்காரர் என்றால் அவரல்லவா வேலைக்காரர், வெட்டி முடித்துப் பாயசம் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் புகைப்போக்கி பக்கமாக மேலே போனார் என்று சமையல்காரர் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டே சொன்னார். அடுப்பில் பால் நிமிஷத்தில் பொங்கி வழிந்தது.

ஏழு வேம்புத் தெருவில் எல்லாம் பழையபடி வேகமாயிற்று. இரண்டு பெண்களும் பாதியில் விட்ட சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஊறுகாய்க்காரர்கள் வருத்தப்பட்டார்கள். சவரிராயன் வீட்டுத் தொட்டியில் அந்த மீன் இன்னும் இருக்கிறது, அது வருஷத்துக்கு ஒருதடவை திரும்பும். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது முன்னுரையில் பன்னிரண்டு பேருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், அதில் ஆவுடையப்பன் பெயர் இல்லை. அதை அவர் கவனித்துக்கொண்டார்.

ஆடி மாசத்தில் திருமலைக்கொழுந்து கல்யாண வீடியோவை எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு, வீட்டுக்கே வந்தார். உலகம்மை பரணிலிருந்து குடத்தை இறக்கிக் கழுவி அதில்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீடியோவில் பத்து நிமிஷம் கெட்டுப்போய்விட்டது, படம் அசையவே இல்லை, வீடியோக்காரனிடம் சண்டை போட்டிருக்கிறோம் என்று சொல்லி அந்த இடத்தை ஓட்டிவிடப் போனார். ஓட்டவேண்டாம் என்றார் ஆவுடையப்பன்.

எல்லோரும் பார்த்தார்கள். தாலி நின்றது, புகை நின்றது, கைகள் நின்றன. மாப்பிள்ளை இமைக்கவில்லை. ஆனால் படம் முழுக்கவும் நின்றிருக்கவில்லை. மேடையின் ஓரத்தில், மகளுக்குப் பின்னால், வடிவின் தலை மட்டும் அசைந்தது. அவள் வாசலைப் பார்த்தாள். மணவறையைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். பத்து நிமிஷமும் அதையே செய்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவள் அழ ஆரம்பித்த இடத்தில் ஆவுடையப்பன் படத்துக்குள் நுழைந்தார்.



"காதுகுத்துக்கு வீடியோ எடுக்கலையோ?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

இல்லை என்றார் திருமலைக்கொழுந்து.

"அன்னைக்கும் இப்படித்தான் வாசலைப் பாத்திட்டு இருந்திருப்பா போல."

"அதைத்தான நான் இருபத்திரண்டு வருஷமா சொல்லுதேன்" என்றாள் உலகம்மை.

அவர் குடத்திலிருந்து இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். இவ்வளவு முக்கியமான விஷயத்தை இருபத்திரண்டு வருஷமாக அடுக்களையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒருதடவையாவது முன்னால் வந்து உரக்கச் சொன்னாளா என்பதை, வருஷம், மாசம், கிழமையோடு கவனித்துக்கொண்டார். பிறகு படத்தைத் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார்.